பிற்பகலில் சேர்ந்தவர்

அவருக்குப் ‘பிற்பகல்’ என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. குலசாமி பெயர், நல்ல பெயர். அதை இங்கே எழுதினால், ஓசூரில் மகன் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் எப்படியாவது பட்டுவிடும். உடனே போன் போட்டு, “அண்ணே, என் பேருக்கு முன்னாடி உங்க பேருல்ல வரணும், மாத்திப் போடச் சொல்லுங்க” என்பார். எதற்கு வம்பு.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டாதவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேருகிற அன்று ‘இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன்’ என்றோ, ‘பிற்பகல் பணியில் சேர்ந்தேன்’ என்றோ ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் யார் சீனியர், யார் ஜூனியர் என்பது. காலையில் வந்தவன் மத்தியானம் வந்தவனுக்கு ரிட்டயர் ஆகும்வரை மூத்தவன். இரண்டு பேரும் ஒரே வேளையில் சேர்ந்திருந்தால் மட்டும் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள். அவரும் நானும் மதுரையில் ஓர் அலுவலகத்தில் ஒரே நாளில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தோம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். வயதில் அவர் என்னைவிடப் பதினோரு மாதம் பெரியவர். பதிவேட்டில் நான் முற்பகல், அவர் பிற்பகல்.

அந்த அரை நாளுக்காக அவர் என்னை முப்பத்தாறு வருடம் ‘அண்ணே’ என்று கூப்பிட்டார். மதுரையில் யாரும் யாரையும் அண்ணே என்பார்கள், அது பெரிய காரியமில்லை. ஆட்டோக்காரரும் அண்ணே, அவர் இடிக்கப்போன ஆளும் அண்ணே. இவருடைய அண்ணே அப்படி வாய்க்கு வந்ததில்லை. விதி எண் பார்த்துக் கூப்பிடுவார். எனக்குப் பிறகு சேர்ந்தவர்களில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை இவர் தயங்காமல் ‘தம்பி’ என்று கூப்பிட்டு, ஒருமுறை அடி வாங்கப் பார்த்தார்.

இரண்டு பேரும் வில்லாபுரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் மனை வாங்கினோம். அவர் வீடு எனக்கு நான்கு மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது. பூச்சு வேலையை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். சிமெண்டு தட்டுப்பாடோ என்று விசாரித்தேன். “நீங்க பால் காய்ச்சாம நான் எப்படிண்ணே காய்ச்சுறது” என்றார். என் கொத்தனார் ஒரு சோம்பேறி. அவனால் ஒரு குடும்பம் நான்கு மாதம் வீணாக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

ரிட்டயர் ஆனபிறகாவது இந்த வியாதி தீரும் என்று நினைத்தோம். தீரவில்லை, முற்றிவிட்டது. வேலையில் இருந்தபோது வரிசையைக் காப்பாற்ற ஓர் அலுவலகமே இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு மொத்தமும் அவர் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். காலையில் நடை முடித்து நாங்கள் ஐந்து பேர் டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். முதல் நாளே பெஞ்சுக்கு வரிசை போட்டுவிட்டார். சுவர் ஓரம் நான், அடுத்து அவர், அதற்கடுத்து மற்ற மூன்று பேர், சேர்ந்த தேதிப்படி. சுவர் ஓரத்தில் எறும்புப் புற்று இருந்தது. அதைப் பற்றி அவருக்கு விதி எதுவும் கிடையாது.

“நீங்கதான எங்களுக்கு முன்னாடி ரிட்டயர் ஆனீங்க? அந்தக் கணக்குல பாத்தா நீங்கதான் முதல்ல உக்காரணும்” என்று ஒருவர் கிண்டிவிட்டார்.

“ரிட்டயர்மெண்டு வயசப் பொறுத்தது. வயசு எந்தப் பயலுக்கும் வரும். சர்வீசுல்ல பேசணும்” என்றார் அவர்.

ஒருநாள் புதிதாக வந்த டீ மாஸ்டர் விவரம் தெரியாமல் முதல் கிளாசை அவர் கையில் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. எனக்கு அன்று சர்க்கரை இல்லாத டீ, தனியாகப் போட நேரமாகிவிட்டது. அவர் கிளாசில் ஆடை படிந்து, ஓர் ஈ வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டும் போனது. என் டீ வந்து நான் ஒரு வாய் குடித்தபிறகு அந்த ஆறின டீயை எடுத்து மடமடவென்று குடித்தார்.

வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் எங்களுக்கு நேர்காணல் உண்டு. இன்னும் சாகவில்லை என்று ஓய்வூதியக்காரர்கள் நேரில் போய்க் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அது திருவிழா. ஏழு மணிக்கே போய், வருகிற கிழங்களையெல்லாம் “நீங்க எந்த வருசம் சர்வீசு?” என்று கேட்டுக் கேட்டு மாற்றி மாற்றி உட்கார வைப்பார். ஒரு வருடம் எண்பது தாண்டின ஒருவரை முதல் ஆளாக உட்கார வைத்தார். கதவு திறக்கிற நேரத்தில் அந்தப் பெரியவர் பாத்ரூமுக்குப் போய்விட்டார். பின்னால் இருந்த நாற்பது பேரையும் இவர் நகரவிடவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “ஏன் யாருமே வரமாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார்.

“சீனியர் ஒண்ணுக்குப் போயிருக்காகம்மா” என்றார் இவர்.

“அவர் வர்ற வரைக்கும் நாங்க உசுரோட இருக்கணுமில்லய்யா” என்று பின்னாலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் முனகினார். அந்த வரிசையில் சிரிக்காத ஆள் இவர் ஒருவர்தான்.

அவர் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரையூர்ப் பக்கம் கரிசல்காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்த பெண். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வாக்கியம், அத்தோடு ஆள் காலி. ஒருமுறை ஐந்து குடும்பமும் வேன் எடுத்து அழகர்கோவில் போனோம். மலைமேல் தீர்த்தத்தில் குளிக்கப் பெண்கள் போனபோது, புருஷன்மார் சேர்ந்த தேதிப்படி அவர்களையும் வரிசையில் நிறுத்தப் பார்த்தார் இவர். என் மனைவி முதலில், இவர் மனைவி இரண்டாவது. குரங்குகள்கூட வேடிக்கை பார்த்தன. அப்போது அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னார்: “எமன் எங்க வீட்டுக்கு வந்தாக்கூட, ‘மொதல்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாங்க’ன்னுதான்க்கா இவுக சொல்லுவாக.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் மட்டும் யோசித்துப் பார்த்துவிட்டு, “அதான முறை?” என்றார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இனி பஸ் கதை. அவரைத் தெரிந்த எவருக்கும் அது மனப்பாடம். வேலையில் சேருகிற அன்று காலை பேரையூரில் ஏழரை மணி வண்டி ஏறியிருக்கிறார். டி. கல்லுப்பட்டி தாண்டியதும் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. பின்னால் வந்த வண்டிகள் கூட்டத்தில் நிற்கவில்லை. பதினொரு மணிக்குப் பருத்தி ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மூட்டை மேல் உட்கார்ந்து திருமங்கலம் வந்து, அங்கே வேறு பஸ் பிடித்து, அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி. தலைமை எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு வர இரண்டு மணி. ‘பிற்பகல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு டீ குடிக்கக் கீழே இறங்கினாராம்.

கதையை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் முடிப்பார். “அண்ணன் அன்னைக்குக் காலையிலயே வந்துட்டாக. உள்ளூருல்ல” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நானும் “ஆமா, ஆமா” என்று தலையை ஆட்டுவேன். கேண்டீனில் ஆட்டியிருக்கிறேன், டீக்கடையில் ஆட்டியிருக்கிறேன், கருவூல வரிசையில் ஆட்டியிருக்கிறேன். ஒரு பஞ்சரை முப்பத்தாறு வருடம் ஓட்டுகிற மனுஷன் என்று முதுகுக்குப் பின்னால் பேசியும் இருக்கிறேன்.

இப்போது என் கதை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கே நான் சட்டை மாட்டிக் கிளம்பிவிட்டேன். வாசல்படி தாண்டும்போது பின்வீட்டில் யாரோ ஒற்றைத் தும்மல் போட்டார்கள். சகுனம் சரியில்லை, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றார் அம்மா. உட்கார்ந்தேன். அப்படியே பேச்சில் நேரம் போய், பார்த்தால் பத்தரை. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அரசாங்க வேலையில் முதல் நாள் ராகு காலத்தில் கால் வைப்பதாவது என்று அம்மா வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். அது முடிந்தால், சோறு ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டே போ என்றார். சாம்பார், அப்பளம், பாயசம். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு நான் போனபோது இரண்டரை மணி.

படி ஏறும்போது எதிரே ஓர் ஆள் இறங்கி வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. படி குறுகல், நான் ஒதுங்கி வழிவிட்டேன். என் சர்வீசிலேயே அவருக்கு நான் வழிவிட்டது அந்த ஒரு தடவைதான்.

தலைமை எழுத்தர் என் தாய்மாமனுக்கு ஊர்க்காரர். நான் ‘பிற்பகல்’ என்று எழுதப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை அதுவுமா மொத நாளே லேட்டுன்னு எழுதாத தம்பி. ராகு காலத்துக்கு முந்தியே வந்த மாதிரி இருக்கட்டும். முற்பகல்னு போடு” என்றார். எனக்கு நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குச் சத்தியமாக எனக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. பணிமூப்புப் பட்டியல் சுற்றுக்கு வந்தது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று அடியில் போட்டிருந்தது. என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே. இரண்டு பேருமே பிற்பகல் என்றால் வயதுப்படி அவர்தான் மேலே வர வேண்டும் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே அவரும் போட்டார். அந்த வாரம்தான் கேண்டீனில் அவருக்கு ‘பிற்பகல்’ என்று பெயர் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போது யோசித்தால் அசிங்கமாக இருக்கிறது.

பிறகு ஒரே ஒரு கண்காணிப்பாளர் இடம் காலியானது. முறைப்படி எனக்கு வந்தது. அவர் இன்னும் ஆறு வருடம் காத்திருந்து, ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் ஓய்வூதியம் இன்றைக்கும் அவருடையதைவிட அதிகம். பதவி உயர்வு வந்த அன்று முதல் ஆளாக ரோஜா மாலையோடு வந்து நின்றவரும் அவர்தான். அன்றைக்கும் பாராட்டுப் பேச்சில் பஸ் கதையைச் சொன்னார். நான் மாலையோடு தலையை ஆட்டினேன்.

இப்படியே போயிருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எங்கள் பகுதி டாக்டரிடம் சர்க்கரைக்குக் காட்டப் போயிருந்தேன். ஆறு மணிக்கே டோக்கன் கொடுத்துவிடுவார்கள். என்னுடையது இருபத்துநான்கு. உள்ளே பத்தொன்பதாவது ஆள் இருந்தார். கடைசி வரிசையில் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் அந்த அம்மாவின் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

“என்னம்மா, இப்படி வேர்க்குது?”

“வாயுண்ணே. நெஞ்சுக்குள்ள கல்ல வச்ச மாதிரி இருக்கு. இந்த எடது கைதான் கழண்டு விழுகுது.”

“விடிஞ்சதுல இருந்து இப்படித்தான்ணே சொல்றா. ஓமத்தண்ணி குடுத்தேன்” என்றார் அவர்.

“டோக்கன் எத்தனை?”

“முப்பத்தொண்ணு.”

நான் நேராகக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற நர்சிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. ஓடி வந்து, “உங்க மிசஸ்ஸா சார்? எந்திரிங்க, இந்த ஆள் வெளிய வந்ததும் உள்ள விட்டுர்றேன்” என்றது.

“இல்லம்மா. எங்க நம்பர் வரட்டும். முன்னாடி பதினோரு பேர் இருக்காக” என்றார் இவர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. உள்ளேயிருந்து மணி அடித்ததும் போய்விட்டது. எனக்கு அவரை அங்கேயே அறையலாம் போல இருந்தது. என் டோக்கனை நீட்டினேன்.

“இந்தாங்க, இருபத்துநாலு. நான் முப்பத்தொண்ணுல போறேன். யாருக்கும் நஷ்டமில்ல.”

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். மனைவி பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார், இவர் யோசிக்கிறார். பிறகு, “அது மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர் மாதிரிண்ணே. அப்படி எடம் மாறி வந்தா பழைய சீனியாரிட்டி கெடயாது. லிஸ்டுல கடைசிக்குத்தான் போகணும்” என்றார். பயந்திருந்தார். எனக்கு அது தெரிந்தது. பயத்தில் மனிதர்கள் சாமியைப் பிடித்துக்கொள்வார்கள், இவர் விதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கையைப் பிடித்துச் செருப்பு விடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். முப்பத்தாறு வருடம் வாய்க்குள் வைத்திருந்தது, கோபத்தில்தான் வெளியே வந்தது.

“எந்த வரிசையக் கட்டிக்கிட்டு அழறீங்க? அன்னைக்கு நான் வந்தது ரெண்டரை மணிக்கு. உங்களுக்குப் பெறகு. முற்பகல்னு எழுதுனது பொய். நீங்க இத்தன வருசம் எனக்குப் பின்னாடி நின்னதே பொய். இப்பவாவது அந்தம்மாவ உள்ள கூட்டிட்டுப் போங்க.”

“தெரியும்ணே” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“படியில பாத்தோம்ல? நீங்ககூட ஒதுங்கி நின்னீக.”

“தெரிஞ்சுக்கிட்டா லிஸ்டுல கையெழுத்துப் போட்டீங்க?”

“எழுத்துல முற்பகல்னு இருக்குல்லண்ணே. நான் படியில பாத்தேங்கறதுக்கு என்ன ரெக்கார்டு இருக்கு?”

அப்போது என் கையிலிருந்த டோக்கனை யாரோ உருவினார்கள். அந்த அம்மா. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருக்கிறார். நாங்கள் பேசினது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை, காது கேட்கிற நிலையில் அவர் இல்லை. “குடுங்கண்ணே” என்று மட்டும் சொன்னார். திரும்பி நடந்து கதவைத் தள்ளினார்.

“ஏய், இன்னும் இருபதே போகலடி” என்றார் இவர் பின்னாலிருந்து. கதவு சாத்திக்கொண்டது.

மாரடைப்பு. டாக்டர் அங்கேயே மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். குழாய் விட்டு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். முப்பத்தொன்றாம் நம்பர் வரைக்கும் உட்கார்ந்திருந்தால் ஆளே இருந்திருக்காது என்று அங்கே சொன்னார்கள். அதை என்னிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னார்கள். அன்று முழுக்க அவர் ஐ.சி.யு. வாசலில் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்தச் செருப்பைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆனால் மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் நாள், மனைவிக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும், பஸ் ஏறி அந்த டாக்டர் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். இருபதிலிருந்து இருபத்துமூன்று வரைக்கும் யார் யார் என்று நர்சிடம் விசாரித்திருக்கிறார். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கவாம். இருபத்திரண்டாம் டோக்கன்காரர் மட்டும் ஆப்பிள் பழத்தோடு மருத்துவமனைக்கு வந்து இவர் மனைவியைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் என்ன ஆனேன் என்றால், சௌகரியமாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார், அப்படியானால் தப்பில் பாதி அவருடையது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மீதிப் பாதியில் தலைமை எழுத்தருக்கு ஒரு பங்கு, ஒற்றைத் தும்மல் போட்ட பின்வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு. எனக்கென்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக மனசு லேசாக இருந்தது.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாஸ். அவர் அதை என் கையில் வைத்து, “நீங்க மொதல்ல போயிட்டு வாங்கண்ணே” என்றார். செருப்பு விடுகிற இடத்தில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. மருந்து, சாப்பாடு, ஓசூர் மகன் என்று பேசிக்கொண்டிருந்தோம். உடம்பு தேறியதும் மகனோடு போய்விடப் போவதாகச் சொன்னார். அங்கே மாடி வீடாம், லிஃப்ட் உண்டாம். “அந்த லிஃப்டுல யார் மொதல்ல ஏறணும்னு இவுக ஆரம்பிச்சுருவாக” என்றார்.

அவரைச் சிரிக்க வைக்கலாமே என்று நானும் சொன்னேன். “நல்லதாப் போச்சும்மா. எங்களுக்கும் அந்த பஸ் கதையில இருந்து விடுதலை. நீங்கதான் பாவம், நாங்க நூறு தடவை கேட்டோம்னா நீங்க ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க.”

“எந்த பஸ்ஸுண்ணே?”

“அதாம்மா, அவர் வேலைக்குச் சேர வந்த பஸ்ஸு. டி. கல்லுப்பட்டியில பஞ்சர் ஆச்சே?”

அந்த அம்மா யோசித்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். “எங்கிட்டச் சொன்னதில்லயே. வீட்டுல ஆபீசுக் கதையெல்லாம் இவுக பேசவே மாட்டாக.”

பிள்ளைகளிடம்? அவர்களிடமும் இல்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற கல்யாணம் காட்சியில்? இல்லை, கேட்டதாக நினைவே இல்லை என்றார். நான் அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தபடி, அந்தக் கதையை அவர் சொன்னதாகத் தெரிந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் இல்லாத இடம் ஒன்றுகூட இல்லை. நான் லீவு போட்ட நாளில் அவர் அந்தக் கதையைச் சொன்னதாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் அதைச் சொன்னது ஊருக்கு இல்லை, எனக்கு. சொல்லி முடித்து, ஒரு சிரிப்போடு என்னைப் பார்த்து, நான் வாயைத் திறக்கிறேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

“என்ன கதண்ணே அது? சொல்லுங்களேன், சும்மாதான படுத்திருக்கேன்.”

சொன்னேன். ஏழரை மணி வண்டி, பஞ்சர், காற்றில்லாத ஸ்டெப்னி, பருத்தி லாரி. அவரைப் போல எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த அம்மா ரசித்துக் கேட்டார். தலையில் பஞ்சோடு படி இறங்கின இடத்தில், தையல் போட்ட மாதிரி வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

“மொத நாளு இப்படியா வந்து நின்னாக? அது சரி, இம்புட்டு வெவரமாச் சொல்றீக. நீங்களும் அன்னைக்கேவா சேந்தீக? நீங்க வருசக்கணக்குல சீனியருன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்.”

“அன்னைக்கேதாம்மா.”

“அப்ப நீங்க எத்தன மணிக்கு வந்தீகண்ணே?”

ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். கதை கேட்கிற யாரும் கேட்கிற கேள்விதான் அது. முப்பத்தாறு வருடத்தில் அவர் புருஷன் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி.

“ரெண்டரைக்கும்மா” என்றேன். “அவருக்குப் பின்னாடி.”